'வித்தாராம்'னு சொல்லுங்க, 'வித்தார்'னு சொல்லாதீங்க



பொங்கல் முடிஞ்சு, ஊருக்கு வந்த புள்ளைங்க எல்லாம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறியாச்சு. ரெண்டாம் போகத்துக்கு நடவு முடிஞ்சிருச்சு, களையெடுப்புக்கு இன்னும் நாள் இருக்கு. அதனால கொஞ்சம் உக்காந்து எழுத நேரம் கிடைச்சிருக்கு. இந்தத் தடவை எழுதப் போறது எங்க பள்ளத்தாக்குக்காரங்களுக்கே கோபம் வரக்கூடிய விஷயம். வந்தாலும் பரவாயில்ல. பண்டிகை நாள்ல புள்ளைங்களுக்கு என்ன கதை சொல்றோம், அதை எப்படிச் சொல்றோங்கறது சின்ன விஷயம் இல்ல.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு முதல்ல ஒரு விவரம் சொல்லணும். உங்களுக்குப் பொங்கல்னா சூரியனும் மாடும்தான். எங்க தேனி மாவட்டத்துல இன்னொருத்தருக்கும் பொங்கல் வைக்கிறோம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின கர்னல் ஜான் பென்னிகுயிக். அவரு பொறந்தது 1841 ஜனவரி 15. அது பொங்கலோட சேந்து வர்ற நாள். எங்க ஊருக்குப் பக்கத்துல பாலார்பட்டியில அவரு பேருல ஊரே கூடிப் பொங்கல் வைக்கும். லோயர் கேம்ப்ல 2013ல அவருக்கு மணிமண்டபம் திறந்தாங்க. தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு அவரு பேரு. டீக்கடையில, வீட்டுல, சாமி படத்துக்குப் பக்கத்துல அவரு படம் மாட்டியிருக்கும். புள்ளைக்கே அந்தப் பேரை வச்சவங்க உண்டு.

பொங்கல் வைக்கும்போது புள்ளைங்களுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. அணை கட்டிக்கிட்டு இருக்கும்போது வெள்ளம் வந்து அடிச்சுட்டுப் போயிருச்சு. வெள்ளைக்கார அரசாங்கம் இனிமே காசு கிடையாதுன்னு கைய விரிச்சிருச்சு. பென்னிகுயிக் துரை சீமைக்குப் போயி, தன் வீடு, சொத்து, சம்சாரத்தோட நகை எல்லாத்தையும் வித்துக் காசைக் கொண்டுவந்து அணையைக் கட்டி முடிச்சாரு. இதுதான் கதை. மேடையில பேசுறவங்க சொல்லுறாங்க, வாட்ஸ்அப்ல வருது, யூடியூப்ல அழுகாச்சிப் பாட்டு போட்டுச் சொல்லுறாங்க.

வெள்ளம் வந்தது நிஜம். ஆத்தைத் திருப்பப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் ஒரு தடவைக்கு மேல அடிச்சுட்டுப் போச்சு. ஆனா சொத்தை வித்தது? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் ஒரு கிரயப் பத்திரத்தையோ அடகுச் சீட்டையோ எடுத்துக் காட்டினதில்ல. அந்த வேலை மதராஸ் அரசாங்கத்தோட பொதுப்பணித்துறை வேலை. அரசாங்கப் பணத்துல நடந்த வேலை. வேலை பார்த்த இஞ்சினியர்கள்ல ஒருத்தரான மெக்கன்சி, இந்தத் திட்டம் நடந்த வரலாறை ஒரு முழுப் புத்தகமாவே எழுதி 1899ல அரசு அச்சகம் போட்டிருக்கு. பென்னிகுயிக்கே லண்டன்ல இஞ்சினியர்கள் சங்கத்துக்கு இந்த அணையைப் பத்திக் கட்டுரை கொடுத்திருக்கார். இவ்வளவு காகிதம் இருக்கிற ஒரு வேலைக்கு, முக்கியமான அந்த ஒரு சங்கதிக்கு மட்டும் காகிதத்தைக் காணோம்.

அப்ப இந்தக் கதையைச் சொல்லக் கூடாதான்னா, நான் அப்படிச் சொல்லல. சொல்லுங்க. ஆனா 'வித்தாராம்'னு சொல்லுங்க. 'வித்தார்'னு சொல்லாதீங்க.

எங்க அம்மாச்சி கதை சொன்னா ஒவ்வொரு வரியும் 'ஆம்'ல தான் முடியும். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்குக் கண்ணு தெரியாமப் போச்சாம். எங்க வீரபாண்டி கோயில் கதையே அதுதான். பாண்டிய ராஜாவுக்குப் பார்வை போயி, கௌமாரியம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் கும்பிட்டுத் திரும்பக் கிடைச்சுச்சாம். சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு, அதை ஈஸ்வரனா நினைச்சு, பொம்பளைங்க முல்லையாத்துத் தண்ணியைக் குடத்துல மோந்துட்டு வந்து ஊத்துவாங்க. நானும் சின்னப் புள்ளையில எங்க அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன். என்னை யாரும் ஏமாத்தல. அந்த 'ஆம்' எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுச்சு. ஒண்ணு, இது நம்ம முன்னோர் சொல்லி வந்தது, மரியாதையாக் கேளு. ரெண்டு, சொல்லுற நானும் அதைப் பார்க்கல.

ஒரு எழுத்துல எவ்வளவு பெரிய நேர்மை பாருங்க. நம்பிக்கையையும் கெடுக்கல, பொய்யும் சொல்லல. நம்ம பாஷையிலயே இருக்கிற வசதி இது.

மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கதை இருக்கு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சிவபெருமான் தன்னோட பசவனைக் கூப்பிட்டு, பூலோகத்துல போயி, தினம் எண்ணெய் தேச்சுக் குளிங்க, மாசத்துக்கு ஒரு வேளை சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு வான்னு அனுப்பினாராம். பசவன் மறந்துபோயி, தினம் சாப்பிடுங்க, மாசத்துக்கு ஒருதரம் எண்ணெய் தேச்சுக் குளிங்கன்னு மாத்திச் சொல்லிருச்சாம். 'இவங்க தினம் சாப்பிடணும்னா விளைச்சல் நிறைய வேணும், நீயே போயி உழு'ன்னு சிவன் கீழ அனுப்பிட்டாராம். இந்தக் கதையை நம்பி எந்தப் புள்ளையும் கெட்டதில்ல. மாட்டுக்குக் கொம்புல வண்ணம் பூசும்போது சிரிச்சுக்கிட்டே கேக்கும். பத்து வயசானா, இது கதைன்னு தானாப் புரிஞ்சுக்கும். புரிஞ்ச பிறகும் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டும். ஏன்னா மாடு நிஜம். அதோட உழைப்பு நிஜம்.

பென்னிகுயிக் கதை அந்த ஜாதிக் கதை இல்ல. அதைப் புராணமா யாரும் சொல்றதில்ல, வரலாறா சொல்றாங்க. தேதி போட்டு, பேரு போட்டு, படம் போட்டு. அங்கதான் எனக்குச் சண்டை.

இந்தப் பொங்கலுக்கு என் மக வீட்டுப் பேரன் வந்திருந்தான், எட்டு வயசு, சென்னையில படிக்கிறான். பாலார்பட்டியில மைக்குல அந்தக் கதையைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட கேட்டான்: "தாத்தா, வீட்டை வித்துட்டா அவரோட புள்ளைங்க எங்க தங்குனாங்க?"

எங்க மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து கரும்பு கடிச்சுக்கிட்டிருந்தார். "விடுங்க மாமா, சின்னப் புள்ள. நல்ல கதைதானே, நம்பிட்டுப் போகட்டும்"னார்.

நான் பேரன்கிட்ட, "வித்தாராம்டா. அப்படித்தான் ஊர்ல சொல்லுவாங்க. வித்ததுக்குச் சீட்டு இருக்கான்னு யாரும் காட்டல. ஆனா அணை இருக்கு, தண்ணி இருக்கு, வா காட்டுறேன்"னு வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவன் ஒண்ணும் அழுகல. அணை எவ்வளவு உயரம், யாரு கல்லு தூக்குனாங்க, மலைக்குள்ள எப்படி ஓட்டை போட்டாங்கன்னு அடுத்தடுத்து கேள்விதான்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். அவர் சொன்னதைத்தான் உங்கள்ல பாதிப் பேரு சொல்லுவீங்க. குழந்தைப் பருவம் கொஞ்ச நாள்தான், அதுல மாயம் இருக்கட்டுமேன்னு. வெள்ளைக்காரங்க ஊர்லயும் இதே பேச்சு உண்டு. 1897ல நியூயார்க்குல எட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு, சாண்டா கிளாஸ் நிஜமாவே இருக்காரான்னு 'சன்' பத்திரிகைக்கு எழுதிக் கேட்டுச்சு. பத்திரிகை, இருக்கார்னு தலையங்கமே எழுதுச்சு. இன்னிக்கு வரைக்கும் அதை அழகான பதில்னு கொண்டாடுறாங்க. அவங்க பாஷையில 'இருக்கார்', 'இல்ல'ன்னு ரெண்டுல ஒண்ணைச் சொல்லணும் போல. எங்க அம்மாச்சியா இருந்தா 'இருக்காராம்'னு முடிச்சிருக்கும்.

சாண்டா கிளாஸ் விஷயத்துல ஒரு பொம்மைதான் போகும் வரும். எங்க கதையில போறது எங்க தண்ணி. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நிஜத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். மேற்க போயி கடல்ல விழுற பெரியாத்துத் தண்ணியைக் கிழக்க திருப்பணுங்கற யோசனை பென்னிகுயிக்கோடது மட்டும் இல்ல. 1789லயே ராமநாதபுரம் சேதுபதியோட பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்கார். செலவு தாங்காதுன்னு விட்டுட்டாங்க. 1808ல கால்டுவெல்ங்கற வெள்ளைக்கார அதிகாரி வந்து பார்த்துட்டு, இது நடக்காத காரியம்னு எழுதிட்டுப் போயிட்டார். அப்புறம் 1876ல தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு. சனங்க கொத்துக் கொத்தாச் செத்தாங்க. அதுக்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாமப் போச்சு.

1886 அக்டோபர் 29ல திருவிதாங்கூர் மகாராஜா அரசாங்கத்தோட குத்தகை ஒப்பந்தம் போட்டாங்க. 999 வருஷத்துக்கு. 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1970ல ஏக்கருக்கு 30 ரூபாயா ஏத்தி, தமிழ்நாடு அரசு இன்னும் கட்டுது. 1887ல வேலை ஆரம்பிச்சு 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்தார். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்துல கட்டின அணை. தேக்கடிப் பக்கம் மலையை ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேல குடைஞ்சு தண்ணியை இந்தப் பக்கம் விட்டாங்க.

குடைஞ்சது யாரு? கல்லு தூக்கினது யாரு? கூலிக்கு மலையேறிப் போன சனம். புலியும் யானையும் இருக்கிற காட்டுல, மலேரியாக் காய்ச்சல்ல விழுந்து விழுந்து வேலை பார்த்திருக்காங்க. நோயில செத்தவங்கன்னு சொல்லப்படுற கணக்கே 483 பேர். அணைக்குப் பக்கத்துலயே புதைச்சிருக்காங்க. அவங்களுக்கு நாம பொங்கல் வைக்கிறோமா? நகையை வித்த கதைதான் மைக்குல ஓடுது. உசுரைக் கொடுத்தவன் கதைக்கு மைக்கு இல்ல. ஒருத்தர் பணம் போட்டுக் கட்டினார்னு சொல்லிட்டா, மத்தவங்க எல்லாம் கூலி வாங்கினவங்களா சுருங்கிப் போயிடுறாங்க. இதுதான் அந்தக் கதை செய்யிற முதல் கெடுதல்.

ரெண்டாவது கெடுதல் இன்னும் பெரிசு. ஒருத்தர் சொத்தை வித்து நமக்குத் தண்ணி கொடுத்தார்னா, அந்தத் தண்ணி தர்மம். தர்மம் வாங்கினவன் கையெடுத்துக் கும்பிடலாம், அதுக்கு மேல பேச முடியாது. ஒப்பந்தம் போட்டு, வருஷா வருஷம் குத்தகை கட்டி, நம்ம பாட்டன் பூட்டன் உழைப்புல வந்த தண்ணின்னா அது உரிமை. உரிமை உள்ளவன் கணக்குக் கேக்கலாம். ஜூன் மாசம் ஏன் தண்ணி திறக்கல, அணையில எத்தனை அடி இருக்குன்னு கேக்கலாம். லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. என் ஒண்ணேகால் ஏக்கரும் அதுல அடக்கம். அதைத் தர்மத்துல வந்த தண்ணின்னு சொல்லி என் பேரனை வளர்க்க எனக்கு மனசு வரல.

உச்ச நீதிமன்றத்துல நமக்கு எது கை கொடுத்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 2006ல 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு. கேரளா தனியாச் சட்டம் போட்டுத் தடுத்துச்சு. 2014 மே 7ல அஞ்சு நீதிபதிகள் உக்காந்து அந்தச் சட்டம் செல்லாது, 142 அடி செல்லும்னு சொன்னாங்க. 1886 ஒப்பந்தம் செல்லும்னும் சொன்னாங்க. அங்க நின்னது பத்திரமும் நிபுணர் குழு அறிக்கையும்தான். நகை வித்த கதை அங்க எடுபடாது.

அந்தப் பக்கத்தையும் சொல்லணும். கேரளாவுல அணைக்குக் கீழ இருக்கிற புள்ளைங்களுக்கு, அணை உடைஞ்சிரும், லட்சக்கணக்கான பேரு போயிடுவோம்னு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க. 2011ல 'டேம் 999'னு படமே வந்து, தமிழ்நாட்டுல தடை போட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல குமுளியில என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போற பொம்பளைங்க பயந்து திரும்பி வந்தாங்க. லாரி நின்னுச்சு, காய்கறி அழுகுச்சு. அங்க பயத்தை ஊட்டி வளர்ந்த சனம், இங்க உருக்கத்தை ஊட்டி வளர்ந்த சனம். ரெண்டு பேரும் எதிரெதிர நின்னா யாரு கணக்கைப் பேசுறது?

கதையை அப்படியே நம்பி வளர்ந்தா பெரியவங்களே எப்படித் தடுமாறுறாங்கன்னு 2021ல மதுரையில பார்த்தோம். கலைஞர் நூலகம் கட்டப்போற இடத்துல இருந்த கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் கிளம்புச்சு. அந்தக் கட்டடம் கட்டினது 1912ல, அவரு இறந்தது 1911லன்னு அரசாங்கம் பதில் சொல்லுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. அவரு மேல மரியாதை வச்சிருக்கிற எங்களுக்குத்தான் அன்னிக்கு வெக்கமா இருந்துச்சு. ஒரு வருஷத்தைச் சரி பார்த்திருந்தா அந்தப் பேச்சே வந்திருக்காது.

இதே மாதிரி நம்ம புள்ளையும் ஒருநாள் காலேஜ்ல மாட்டும். கூடப் படிக்கிறவன், 'நகை வித்ததுக்கு ஆதாரம் காட்டு'ம்பான். இதுகிட்ட ஒண்ணும் இருக்காது. அப்ப ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, ஆதாரம் கேட்டவனைத் துரோகின்னு திட்டும். இல்லாட்டி, எங்க அப்பா அம்மா சொன்னது மொத்தமும் பொய்தான்னு அணை உரிமையையும் சேத்துக் கைவிட்டுரும். ரெண்டும் நமக்கு நஷ்டம். பொய் ஒண்ணு உடையும்போது பக்கத்துல இருக்கிற நிஜத்தையும் கூட்டிட்டுத்தான் விழும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்களுக்கும் ஒரு வார்த்தை. புள்ளைங்களுக்குக் கதையே சொல்லாதே, எல்லாம் மூடநம்பிக்கை, அறிவியல் மட்டும் சொல்லுன்னு சொல்ற நகரத்துப் படிச்சவங்க. ஐயா, உங்க புள்ளைக்கு நெல்லு செடியில காய்க்குதா மரத்துல காய்க்குதான்னு தெரியல. கதையை நிறுத்தினதால அறிவியல் வந்துரல. பசவன் கதையைக் கேட்ட புள்ளை, மாடு ஏன் உழுதுன்னு கேக்கும், அங்க இருந்து மண்ணு, மழை, மடைன்னு போகும். கதை ஒரு வாசப்படி. அதுல ஏறி உள்ள போகணும். அதுலயே உக்காந்துக்கவும் கூடாது, அதை இடிச்சுப் போட்டுட்டு வீடு எங்கன்னு தேடவும் கூடாது.

"அப்ப நீ பென்னிகுயிக்கைக் குறைச்சுப் பேசுறியா?"ன்னு எங்க ஊர்க்காரங்க கேப்பாங்க. இல்லப்பா. நானும் அவரு படத்துக்கு மாலை போடுறவன்தான். சொத்தை விக்காட்டி அவரு சின்ன மனுஷனா ஆயிருவாரா? நடக்காதுன்னு எழுதி வச்ச வேலையை, அத்தனை வருஷம் காட்டுல கிடந்து நடத்திக் காட்டினவரு. வெள்ளம் அடிச்சுட்டுப் போனதைத் திரும்பத் திரும்பக் கட்டினவரு. அணை நூறு வருஷத்துக்கு மேல நிக்குது. அவரு கடைசியா வாழ்ந்த கேம்பர்லியில 2022ல தமிழ்நாடு அரசு சிலையும் வச்சாச்சு. இந்த மனுஷனுக்குப் போயி நகைக் கடைக் கதையை நாம ஏன் ஒட்டணும்? தன் வேலையை ஒழுங்காச் செஞ்ச ஒரு இஞ்சினியரைக் கும்பிட நமக்கு மனசு வரலைங்கறதுதான் இதுல தெரியுது. தியாகம் பண்ணினாத்தான் பெரிய மனுஷன், வேலையைச் சரியாச் செஞ்சா போதாதுன்னு புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இன்னிக்கு மடையைச் சரியாத் திறந்து மூடுற ஆளு, ஷட்டருக்கு நேரத்துக்கு எண்ணெய் போடுற ஆளுதான் எங்களுக்கு வேணும். அப்படிப்பட்ட ஆளாப் புள்ளை வளரணும்னா, அப்படிப்பட்ட ஆளைக் காட்டிக் கும்பிடச் சொல்லுங்க.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க ஒரு நாள் ஒதுக்கி, புள்ளைங்களை லோயர் கேம்புக்குக் கூட்டிட்டுப் போங்க. மணிமண்டபத்துல சிலையைக் காட்டுங்க. கதையையும் சொல்லுங்க, 'ஆம்' போட்டு. அப்புறம் மலையில இருந்து குழாய்ல தண்ணி இறங்கி மின்சாரம் எடுத்துட்டு ஆத்துல விழுறதைக் காட்டுங்க. 1886, 999 வருஷம், 142 அடி, 483 பேர், இந்த நாலு எண்ணையும் மனப்பாடம் பண்ண வையுங்க. புள்ளை ஏதாவது கேட்டா, தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதுன்னும் பிரிச்சுச் சொல்லுங்க. புள்ளை எந்தக் கதையை நம்பினாலும் பரவாயில்ல. அப்பா அம்மா வாயில இருந்து வர்றதை நம்பலாங்கற நம்பிக்கை மட்டும் அதுக்குக் கடைசி வரைக்கும் இருக்கணும்.